மச்சம் அழிந்த ரிலே

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் மூன்றாம் நம்பர் பிரஸ் எழுந்திருக்கவில்லை.

சுவிட்சைப் போட்டால் முதலில் ஓர் உறுமல் வரும், பிறகு சக்கரம் சுற்றும், பிறகு காலடியில் தரை அதிரும். அன்று எதுவும் வரவில்லை. பதிலாக அதன் கரண்ட் பேனல் பேசியது. மெஷின்களுக்குப் பேச்சுக் கொடுத்தவர்கள் எதற்காகவோ பள்ளிக்கூடத் தமிழைக் கொடுத்திருந்தார்கள்.

"இப்பெட்டியில் அடையாளம் உறுதி செய்யப்படாத உறுப்பு ஒன்று உள்ளது. இயக்கம் மறுக்கப்படுகிறது."

"ஏனுங்ண்ணா, யாரைச் சொல்லுது? என்னையவா?" என்றாள் கோகிலவாணி. அந்தப் பிரஸ்ஸில் நிற்பவள் அவள். காய்ந்த செவ்வந்தி மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"உன்னையில்ல அம்மணி. உள்ள இருக்கற எவனையோ சொல்லுது" என்றபடி மாரப்பன் பேனல் கதவைத் திறந்தார்.

குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் சென்னியப்பன் பட்டறை என்றால் பம்ப் மோட்டாருக்குத் தகடு அடிக்கிற இடம். தகட்டை அடித்து வெட்டுகிற நான்கு பிரஸ், பத்துப் பதினைந்து ஆட்கள். மெஷின் கெட்டால் பார்ப்பதும், மாற்றுச் சாமான் வாங்கி வருவதும் மாரப்பன் வேலை. இருபது வருடத்துக்கும் மேலாக அதையேதான் செய்கிறார்.

கதவைத் திறந்ததும் சந்தனமும் எலுமிச்சையும் கலந்த வாசம் அடித்தது. பேனலுக்குள் இருந்த ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பொட்டு. மேல் வரிசையில் இருந்த கறுப்புப் பெட்டிக்கு மட்டும் மூன்று பொட்டு, ஒரு பட்டை விபூதி, தலையில் குங்குமம் தடவிய அரை எலுமிச்சம்பழம். சாறு வழிந்து பெட்டியின் முகத்தில் காய்ந்து கோடாகியிருந்தது.

"கருப்பனுக்கு மட்டும் கொஞ்சம் ஸ்பெசலுங்" என்றாள் கோகிலா, சிரித்துக்கொண்டு. "எல்லாம் ஓடறதுக்கு இருக்குது. அவன் ஒருத்தன்தானுங் நிறுத்தறதுக்கு இருக்கறான்."

அவள் சொன்னது சரி. அந்தக் கறுப்புப் பெட்டி ஒரு சேஃப்டி ரிலே. பிரஸ்ஸுக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று நிற்கிறது. லைட் கர்ட்டன் என்பார்கள். கை அந்த ஒளியைத் தாண்டினால் ரிலே கரண்டை அறுக்கும், பிரஸ் நின்ற இடத்தில் நிற்கும். முப்பது டன் அழுத்தத்துக்கும் ஒரு பொம்பளையின் விரலுக்கும் நடுவே இருப்பது அவ்வளவுதான். ஏழு வருடத்தில் அது ஒரு தடவைகூட அறுக்காமல் இருந்ததில்லை. அதனால்தான் கோகிலா அதற்குப் பேர் வைத்திருந்தாள், கருப்பன் என்று.

மாரப்பன் கைத்துணியால் சாற்றைத் துடைத்தார். பெட்டியின் இடது மூலையில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் நடுவில் வெளுத்து, அரித்துப்போய், வெண்குஷ்டம் போல.

"மச்சம் போயிருச்சு" என்றார்.

கோகிலாவின் சிரிப்பு நின்றது.

எங்கோ ஓர் ஊரில் போலி வால்வு வெடித்து ஒரு தெருவே கருகிய பிறகு வந்த சட்டம்தான் இந்த மச்சத்தைக் கொண்டுவந்தது. கம்பெனியில் ஓர் உறுப்பு செய்யப்படும்போதே அதன் ஓட்டில் ஒரு புள்ளி முளைக்க வைப்பார்கள். உலகத்தில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. அந்தப் புள்ளியை வைத்து, அது எங்கே எப்போது பிறந்தது, எந்தெந்தக் கை மாறியது என்று உறுப்புப் பதிவகத்தில் ஏறியிருக்கும். ஒரு பேனலில் இருக்கிற உறுப்புகள் தினமும் காலையில் ஒன்றை ஒன்று விசாரித்துக்கொள்ளும். ஒருவன் பிறப்பு தெரியவில்லை என்றால் மற்றவர்கள் அவனோடு சேர்ந்து வேலை செய்ய மாட்டார்கள். சட்டத்தில் அதற்கு மெய்ப்புள்ளி என்று பேர். பட்டறைகளில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. புள்ளி மச்சம், பதிவு ஜாதகம்.

மாரப்பனுக்கு இந்த ஏற்பாடு வந்த நாளிலிருந்தே ஒரு விஷயம் உறுத்தும். அவருடைய அப்பாவை டீக்கடையில், "நீ யாரு ஊட்டுப் பையன்" என்று கேட்டுவிட்டுத்தான் எந்த டம்ளர் என்று முடிவு செய்வார்கள். அந்தக் கேள்வி ஊரில் கொஞ்சம் அடங்கிய நேரம் பார்த்து இரும்புக்குள் புகுந்துகொண்டது என்று நினைப்பார். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

"எனக்கும் மச்சம் இருக்குதுங்" என்று ஒரு தடவை கோகிலா தன் வலது நடுவிரலைக் காட்டியிருக்கிறாள். முதல் கணுவில், கடுகு போல. "பள்ளிக்கோடத்து சர்டிபிகேட்லயே ஏறியிருக்குது. நானும் கம்பெனிச் சரக்குதான், பாத்துக்குங்."

இப்போது அவள் அந்த விரலால் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எலுமிச்சம்பழம் நாந்தானுங்ண்ணா வெச்சேன். வருசா வருசம் பொட்டு மட்டும்தான் வெப்பேன். இந்த வருசம் பழம் நெறயா இருந்துச்சு..."

"உடு. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ள என்ன இருந்தது? மாரப்பன் பதிவகத்துக்குப் போன் போட்டார். ஒரு பெண் குரல். மனுசியா மெஷினா என்று அவரால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

"அந்த உறுப்பு ஐயத்துக்குரியது எனப் பதிவாகியுள்ளது, ஐயா."

"அம்மா, அதைக் கம்பெனி டீலர்கிட்ட நானே போயி வாங்கினேன். பூஜை போட்டதுல மச்சத்து மேல எலுமிச்சைச் சாறு பட்டுப்போச்சு. அவ்வளவுதான். உள்ள ஒண்ணும் ஆகலை. வேலை செய்யுது."

"வேலை செய்வது குறித்து எங்களிடம் பதிவு இல்லை, ஐயா. பிறப்பு குறித்து மட்டுமே உள்ளது."

"ஒரு ஆளை அனுப்பிப் பாருங்க. கையை உட்டுக் காட்டறேன். நிக்கும்."

"ஐயத்துக்குரிய உறுப்பைச் சோதிக்க விதி இல்லை. அழிப்பு வண்டி வரும். ஒப்படைக்கவும். வேறு உதவி வேண்டுமா?"

"இதுவே ஒதவின்னா, வேற என்னத்தைக் கேக்கறது" என்று போனை வைத்தார்.

முதலாளி சென்னியப்பன் கெட்டவர் இல்லை. வேலை நின்றால் முகம் கறுக்கும், அவ்வளவுதான். "மாரப்பா, கம்பெனியில கேட்டேன். புது ரிலே தைப்பூசத்துக்குத்தான் வருமாம். அதுவரைக்கும் மூணாம் நம்பரை மூடி வெச்சா பம்ப்புக்காரன் ஆர்டரை வேற பட்டறைக்கு மாத்திருவான். அப்புறம் மத்த மூணு பிரஸ்ஸும் சும்மாதான் நிக்கோணும். டவுன்ல எங்காச்சும் கெடைக்குமா பாரு. மச்சம் பச்சை காட்டோணும், அது ஒண்ணுதான்."

நந்தகோபாலின் கடை டவுனில் ஒரு சந்துக்குள் இருந்தது. கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. நந்தகோபாலும் மாரப்பனும் ஒரே ஐ.டி.ஐ.யில் படித்தவர்கள்.

"அட, வாங் மாப்ள. பிரஸ் ரிலேதானே? இருக்குது. அதிர்ஷ்டக்காரன் நீ. ஒண்ணே ஒண்ணு."

"கம்பெனியிலயே தை மாசம்கறான். உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"வடக்க ஒரு ஆலை மூடினான். அவன் ஸ்டாக். கை மாறினது எல்லாம் ஜாதகத்துல சுத்தமா இருக்குது. நீயே அடிச்சுப் பாரு."

மாரப்பன் போனை ரிலேயின் மச்சத்தின் மேல் காட்டினார். பச்சை. பிறந்த ஊர், பிறந்த தேதி, கை மாறிய இடங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. எதிலும் குறை இல்லை.

ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே சாமான் வாங்கிப் பழகிய கை அது. அந்தக் காலத்தில் பச்சை, சிவப்பு எல்லாம் கிடையாது. உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார்கள். காதோரம் வைத்து ஆட்டுவார்கள். எழுத்து அச்சு நகத்தில் தட்டுகிறதா என்று தடவுவார்கள். ஸ்க்ரூவின் தலையில் பழைய கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கேட்டதும் கிடைக்கிற சரக்கை ஒரு நாள் தள்ளிப்போட்டு வாங்குவார்கள். எல்லாவற்றையும் மீறி சந்தேகம் வந்தால் கடைக்காரன் எதிரிலேயே திறந்து பார்ப்பார்கள்.

மாரப்பன் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். கருப்பனை விட லேசாக இருந்தது. இருந்ததா, இல்லை அப்படித் தோன்றியதா? பின்பக்க ஸ்க்ரூவைத் திருப்பினார். காடியில் மயிர் போல ஒரு கீறல்.

"நந்து, இதைத் திறந்திருக்கறாங்க."

"கம்பெனியிலயே மாட்டும்போது பட்டிருக்கும்."

"கம்பெனியில மெஷின் மாட்டுது. மெஷின் கீறாது."

நந்தகோபால் கல்லாவிலிருந்து எழுந்து வந்தான். குரல் தணிந்தது. "மாப்ள, உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. செத்த ரிலேயை வாங்கி, மேலோட்டை அப்படியே வெச்சுக்கிட்டு, குடலை மட்டும் மாத்தி விக்கறானுகன்னு நானும் கேள்விப்பட்டிருக்கறேன். மச்சம் ஓட்டுலதானே இருக்குது? பதிவகம் ஓட்டைப் பாத்துப் பச்சை காட்டும். இது அந்த மாதிரியா, நெசமாவே கம்பெனிச் சரக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வித்தவனுக்கும் பச்சைதான் காட்டியிருக்கும்."

"திறந்து பாத்துர்லாம்."

"தாராளமா. திறந்தா மச்சம் செத்துரும். ஓடு பிரிஞ்ச நிமிசமே சிவப்பு. உள்ள சொக்கத் தங்கமாவே இருந்தாலும் அப்புறம் அது போலி. நீ அதை மாட்ட முடியாது, நான் விக்க முடியாது."

"அப்ப நல்லதான்னு தெரிஞ்சுக்கிட்டா மாட்ட முடியாது. மாட்டோணும்னா தெரிஞ்சுக்கக் கூடாது."

"அவ்வளவுதான் மாப்ள சட்டம். நானா எழுதினேன்?"

மாரப்பன் வெளியே வந்து சந்தில் நின்று முதலாளிக்குப் போன் போட்டார். சந்தேகத்தைச் சொன்னார்.

"பச்சை காட்டுதா இல்லியா?"

"காட்டுதுங்."

"அப்ப நீயும் நானும் யாரு மாரப்பா, இல்லீன்னு சொல்றதுக்கு? நாளைக்கு ஒண்ணுன்னா சட்டம் நம்ம பக்கம் நிக்கும். எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு வந்தார்.

மாட்டியதும் பேனல் ஒரு குறையும் சொல்லவில்லை. மாரப்பன் முதலில் ஒரு மரக்கட்டையை ஒளிக்குள் நீட்டினார். பிரஸ் நின்றது. பிறகு தன் கையை நீட்டினார். நின்றது. மத்தியானம் வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் நின்றது.

"நல்லாத்தானுங்ண்ணா நிக்குது" என்றாள் கோகிலா.

"இன்னைக்கு நிக்குது. சூடேறினா எப்படின்னு தெரியாது. கேட்டுக்க அம்மணி, இனிமே கையால நிறுத்தாத. ரெண்டு பட்டனையும் அமுக்கித்தான் அடிக்கோணும்."

அவள் முகம் மாறியது. பிரஸ்ஸை ஓட்டுவதற்கு முறையாக இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் அமுக்கினால்தான் அடிக்கும். ஆனால் குறிச்சியில் ஒரு பட்டறையிலும் அப்படி ஓட்டுவதில்லை. பிரஸ்ஸை ஓடவிட்டுவிடுவார்கள். தகட்டை வைக்கக் கை உள்ளே போகும், ஒளி வெட்டுப்படும், பிரஸ் நிற்கும். கை வெளியே வரும், பிரஸ் அடிக்கும். கை உள்ளே, நிற்கும். கை வெளியே, அடிக்கும். கையே பட்டன். இதை யார் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. சென்னியப்பனுக்குத் தெரியும், மாரப்பனுக்குத் தெரியும், பார்வைக்கு வருகிற அதிகாரிக்கும் தெரியும். பட்டனை அமுக்கி ஓட்டினால் பாதித் தகடுதான் விழும்.

"பட்டன்ல ஓட்டினா கணக்கு வராதுங்ண்ணா."

"வராட்டிப் போகுது."

"நீங்க சொல்லிட்டுப் போயிருவீங். சாயங்காலம் போர்டுல என்ற பேரு சிவப்புலதான் இருக்கும்."

ஆனாலும் கேட்டாள். இரண்டு மூன்று நாள் பட்டனில்தான் ஓட்டினாள். மாரப்பன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்தார். போகாதபோது என்ன செய்தாள் என்று அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அடிக்கிற வேகம் காதுக்குக் கேட்கும்.

அவர் இன்னொன்றும் செய்து பார்த்தார். கருப்பனைப் பேனலுக்கு வெளியே, மோட்டார் வயரில் தனியாகக் கோத்தார். புது ரிலே அறுக்காவிட்டாலும் கருப்பன் அறுப்பான் என்ற நினைப்பு. ஒரு பொழுது ஓடியது. அதற்குள் முதலாளியின் அறையில் மணி அடித்தது. அடையாளமற்ற உறுப்பு ஒன்று மின்பாதையில் இருப்பதை பேனல் மோப்பம் பிடித்துவிட்டது. அகற்றாவிட்டால் நான்கு பிரஸ்ஸும் பூட்டப்படும் என்று எச்சரிக்கை.

சென்னியப்பன் ஓடி வந்தார். சத்தம் போடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். "மாரப்பா, உனக்குப் புண்ணியமாப் போகட்டும். கழட்டிரு. இத்தனை பேர் அடுப்பு எரியோணும்."

கழற்றினார்.

அழிப்பு வண்டி வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். வண்டியின் பின்னாலேயே கரும்பு பிழிகிற மெஷின் மாதிரி ஒன்று. டிரைவர் கருப்பனை வாங்கி, பொட்டைப் பார்த்துச் சிரித்தான். "சாமியவே அனுப்பறீங்ளே." உள்ளே போட்டான். நொறுங்குகிற சத்தம் வேர்க்கடலை உடைப்பது போலத்தான் கேட்டது. அடியில் தட்டில் விழுந்த சிதறலை மாரப்பன் எட்டிப் பார்த்தார். கரித்தூள் இல்லை, தீய்ந்த தடம் இல்லை. கரண்டை ஒட்டி விலக்கும் நான்கு வெள்ளிப் பொட்டுகள் மட்டும் புதுக்காசு போலக் கிடந்தன. ஏழு வருடம் அறுத்துக்கொண்டே இருந்த பொட்டுகள்.

கோகிலா சோற்றைப் பாதியில் மூடி வைத்துவிட்டு வந்து நின்றாள். "நானே கொன்னுட்டனுங்ண்ணா" என்றாள். சாப்பிடப் போ என்றார் மாரப்பன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பம்ப்புக்காரன் அவசரம் என்றான். மூன்றாம் நம்பர் காலையிலிருந்து நிற்காமல் ஓடியது. மாரப்பன் ஒன்றாம் நம்பரில் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் மூன்றாம் நம்பர் அடிக்கிற தாளம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது பட்டனின் தாளம் இல்லை, கையின் தாளம். எழுந்து போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். இந்த பெல்ட்டை ஏற்றிவிட்டுப் போகலாம் என்று நினைத்தார்.

தாளம் மாறவில்லை. அதுதான் அவருக்குப் பிறகு தூக்கத்தைக் கெடுத்தது. கை உள்ளே போனபோது நின்றிருக்க வேண்டிய அடி, நிற்காமல் அதே தாளத்தில் விழுந்தது. அலறல் அதற்குப் பிறகுதான் வந்தது.

வலது கையில் நான்கு விரல் போனது. கட்டைவிரலில் பாதி.

விபத்தை விசாரிக்க அதிகாரி இரண்டு நாள் கழித்து வந்தார். இளைஞர், மரியாதையான பையன். பேனலின் முன்னால் நின்று ஒரு கருவியைக் காட்டினார். ஒவ்வோர் உறுப்பும் தன் வாக்குமூலத்தைச் சொன்னது. லைட் கர்ட்டன், "ஒளி வெட்டுப்பட்டது, தெரிவித்தேன்" என்றது. ரிலே, "தகவல் பெற்றேன், அறுத்தேன்" என்றது.

"அறுக்கலை சார்" என்றார் மாரப்பன். "அறுத்திருந்தா அந்தப் பொண்ணுக்கு வெரல் இருந்திருக்கும்."

"ஐயா, உறுப்பு மெய்யானது. பச்சை இருக்குது. மெய்யான உறுப்போட வாக்குமூலம்தான் செல்லும். முறைப்படி பட்டன் இருக்கும்போது கையை விட்டது இயக்குபவரின் தவறுன்னு எழுத வேண்டியதுதான்."

"ஒளிக்குள்ள கட்டையை நீட்டிப் பாருங்க, நிக்காது. இல்லீன்னா அதைத் திறந்து பாருங்க. உள்ள வெள்ளி இருக்காது. செம்புக்கு முலாம் பூசியிருப்பான். சூடேறினா ஒட்டிக்கும். அதுக்கு ஆர்டர் வருது, அறுக்கறதா நெனைச்சுக்குது, ஆனா ஒட்டிப்போய் நிக்குது."

"மெய்யான உறுப்பைச் சோதிக்கவும் திறக்கவும் எனக்கு அதிகாரம் இல்லீங்க. சந்தேகப்பட்ட உறுப்பா இருந்தா..."

"இருந்தா?"

"நொறுக்கிருவோம்" என்றார் அதிகாரி. சொன்ன பிறகு அவருக்கே ஏதோ போல இருந்திருக்க வேண்டும். கையிலிருந்த கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெஷினை ஓட்டிக்கலாம். தடை இல்லை."

அவர் போன மறுநாள் மூன்றாம் நம்பரைக் கழுவினார்கள். அதற்கு மறுநாள் அங்கே ஒரு புது ஆள் வந்து நின்றாள். சுலைகா என்று பேர். குனியமுத்தூரில் வீடு. வேலைக்கு வந்த முதல் நாளின் சிரிப்பு. "சொல்லிக் குடுங்க பாய்... சாரி, அண்ணே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேனல் பச்சை காட்டியது. சக்கரம் உறுமியது.

மாரப்பன் மெயின் சுவிட்சை இறக்கினார். பேனலைத் திறந்து புது ரிலேயைக் கழற்றினார். வேலை மேசையில் வைத்து, எல்லோரும் பார்க்க, அந்தக் கீறல் விழுந்த ஸ்க்ரூவைத் திருகி, ஓட்டை இரண்டாகப் பிளந்தார். மூலையில் இருந்த மச்சம் ஒரு கணம் மினுங்கி வெளுத்தது.

உள்ளே செம்பு. முலாம் உரிந்து, ஒன்றோடு ஒன்று உருகிப் பிடித்த இரண்டு பொட்டுகள். நகத்தால் பிரித்துப் பார்த்தார். பிரியவில்லை.

"பாருங்க மொதலாளி."

சென்னியப்பன் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு, "இதை நீ திறக்காம இருந்திருக்கலாம் மாரப்பா" என்றார்.

அதிகாரியிடம் அதை எடுத்துக்கொண்டு போனபோது அவர் எழுந்து நின்று வாங்கினார். கருவியைக் காட்டினார். சிவப்பு. "இது இப்போ போலிங்க, ஐயா. உள்ள இருந்ததை நீங்களே மாத்தலைங்கறதுக்கு என்ன சான்று? மெய்யான உறுப்பைச் சிதைச்சதுக்கு உங்க மேலதான் நடவடிக்கை எடுக்க வேண்டி வரும். நான் எழுதலை. மெஷின் தானா எழுதிக்கும்." அந்த வாரமே, பேனலில் கை வைக்க மாரப்பனுக்கு இருந்த லைசென்ஸ் போனது. லைசென்ஸ் இல்லாத ஆளைப் பட்டறைக்குள் விட்டால் பேனல் ஓடாது என்பதால் வேலையும் போனது. சுலைகாவை நான்காம் நம்பருக்கு மாற்றினார்கள். அங்கே எந்த ரிலே, யார் வாங்கியது, உள்ளே என்ன என்று மாரப்பனுக்குத் தெரியாது. அங்கேயும் பச்சைதான்.

இயக்குபவரின் தவறு என்று எழுதினாலும், அங்க இழப்புக்கு அரசாங்கத்தில் ஒரு சின்ன உதவி உண்டு என்றார்கள். பென்ஷன் மாதிரி. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் கோகிலாவை மாரப்பனே அழைத்துக்கொண்டு போனார். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"சுலைகா போன் பண்ணுச்சுங்ண்ணா. பட்டன்லதான் ஓட்டுதாம்."

"கணக்கு?"

"வரலையாம். திட்டறாங்களாம்." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். "இன்னும் எத்தனை நாளைக்கு ஓட்டும் பட்டன்ல?"



அலுவலகத்தில் கூட்டம் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் நல்ல மனிதர். கோகிலாவை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மனுவை வாங்கி, ஒரு சின்னப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

"வெரலை வைங்கம்மா. நீங்கதான்னு உறுதியாயிட்டா இன்னைக்கே ஏத்திரலாம்."

அவள் இடது ஆள்காட்டி விரலை வைத்தாள். பெட்டி பேசியது. "அடையாளம் பொருந்தவில்லை. வேறு விரலை வைக்கவும்."

"இடது கை எப்பவுமே எடுக்காதுங் சார். தகடு புடிக்கற கை. ரேகையெல்லாம் தேஞ்சிருச்சு. பட்டறையிலயும் வலது கையிலதான் வெப்பேன்."

"எதுக்கும் எல்லா வெரலையும் ஒரு தடவை..."

ஒவ்வொன்றாக வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் அதே குரல், அதே வார்த்தை. இடது கை முடிந்தது. அவள் கை பெட்டியின் மேலேயே தயங்கி நின்றது. அடுத்து எதை வைப்பது என்று தேடுவது போல.

"கண்ணைப் பாக்கற மெஷின் ஒண்ணு இருக்குதுன்னாங்களே" என்றார் மாரப்பன்.

"இருக்குதுங்க. ஓடலை. அதுல ஏதோ ஒரு சாமானுக்குப் பதிவு அழிஞ்சுபோச்சாம். மாத்துச் சாமான் வரணும்."

கோகிலா சிரித்தாள். கை போனதற்குப் பிறகு மாரப்பன் அவள் சிரித்துப் பார்த்தது அன்றுதான். "ஏனுங்ண்ணா, நானும் டூப்ளிகேட் ஆயிட்டனாட்ட இருக்குது."

எழுத்தருக்கு அது புரியவில்லை. ஆனால் உதவி செய்யத்தான் பார்த்தார். கணினியில் எதையோ தேடினார். "கவலைப்படாதீங்கம்மா. இப்படி ஆகறவங்களுக்குன்னு ஒரு வழி இருக்குது. பள்ளிக்கூட சான்றிதழ்ல அங்க அடையாளம்னு எழுதியிருப்பாங்க இல்ல? அதை நான் நேர்ல பாத்து கையெழுத்துப் போட்டா போதும். மெஷின் ஒத்துக்கும்." அவர் முகம் மலர்ந்தது. "இதோ, உங்களோடது இருக்குது. ஒண்ணே ஒண்ணுதான் எழுதியிருக்காங்க."

திரையைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சத்தமாகவே படித்தார்.

"வலது கை நடுவிரலில் ஒரு மச்சம். எங்கம்மா, காட்டுங்க."